பூனைக்குத் துப்பத் தெரியாது

நான் வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது இருக்கும் நிவேதா என்கிற பெண் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு குட்டி டியூப். பூனைக்கான பற்பசையாம், கோழிக்கறி வாசனையாம். உங்கள் காலத்தில் எல்லாம் பூனைக்குப் பல் பார்ப்பீர்களா மேடம் என்று கேட்டாள். கேட்ட தொனியிலேயே, நாங்கள் எல்லாம் மாட்டுக்கு லாடம் அடித்துப் பொழுதைக் கழித்தவர்கள் என்ற நினைப்பு தெரிந்தது. டியூபை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுக்கப் படித்தேன். அப்புறம் மூடியைத் திறந்து முகர்ந்தேன். பூனை விழுங்கினாலும் ஒன்றும் ஆகாதென்று போட்டிருக்கிறதே மேடம் என்றாள். போட்டிருப்பதையெல்லாம் நம்புகிற வயது அவளுக்கு. நான் அந்த வயதிலேயே நம்பினதில்லை.

என் சந்தேகப் புத்தி ஊரறிந்த விஷயம். பால்காரரில் தொடங்கிப் பாதிரியார் வரைக்கும் எஸ்தர் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். கால்நடை டாக்டருக்கு வேறு எந்தப் புத்தி இருந்து என்ன பிரயோஜனம்? வந்த நோயாளிக்கு வாய் பேசாது. கூட வந்தவர்களோ வாய் ஓயாமல் பேசுவார்கள். அதில் பாதி தெரியாமல் சொல்வது, கால்வாசி பயத்தில் சொல்வது, மிச்சம் வேண்டுமென்றே சொல்லும் பொய். எது எது என்று பிரித்தெடுப்பதற்குள் அந்த ஜீவன் பிழைத்திருக்க வேண்டும். அதுதான் எங்கள் தொழில்.

படித்த கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெட்ராஸில் தங்கிப் படித்தேன். வகுப்பில் பெண்கள் கை விரல்களுக்குள் அடங்குவோம். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள், குதிரைப் பல்லை ராவச் சொல்லிக்கொடுத்தார்கள். பூனையின் வாய்க்கு ஒரு பக்கம்கூடச் செலவழிக்கவில்லை. முப்பது பல் என்று எழுதிப் போட்டார்கள், பரீட்சையில் அதையே எழுதிவிட்டு வெளியே வந்தேன். எண்பதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் சபாபதியின் தனியார் கிளினிக்கில் உதவி டாக்டராகச் சேர்ந்தபோது, என் வாழ்க்கையில் ஒரு பூனையின் வாயை நான் முழுதாகத் திறந்து பார்த்திருக்கவில்லை.

சபாபதி சாரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். ஆள் உயரமெல்லாம் இல்லை. முழுக்கை சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. மாடம்பாக்கத்திலிருந்து கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவுக்குக் கூப்பிட வந்தவர்களிடமும் அதே குரல், ஏர்போர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து சங்கிலி நாயோடு ஜீப்பில் வந்த அதிகாரியிடமும் அதே குரல்.

பூனை வந்தால் அவர் செய்கிற முதல் காரியம் ஒன்றும் செய்யாமல் இருப்பது. கூடையோ பையோ மேஜை மேல் வைக்கச் சொல்வார், திறக்க விட மாட்டார். பேப்பரைப் பிரித்துக்கொள்வார். வந்தவர்கள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவர் பேப்பருக்கு மேல் கண்ணை வைத்துக்கொண்டு கூடையையும் பார்ப்பார், கொண்டுவந்தவர்களையும் பார்ப்பார். பூனை மூச்சு விடுவது எப்படி, எச்சில் வழிகிறதா, முன்காலால் கன்னத்தைத் தேய்க்கிறதா, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிறதா என்பதெல்லாம் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் இவர் சோம்பேறியோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் ஒரு பழைய துண்டால் பூனையைக் கழுத்து வரைக்கும் சுற்றுவார். நாலு காலும் உள்ளே, தலை மட்டும் வெளியே. இடது உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, கட்டைவிரலும் மோதிரவிரலும் இரண்டு கன்ன எலும்புக்குப் பின்னால் பிடித்து, மூக்கு உத்தரத்தைப் பார்க்கும்படி தலையை நிமிர்த்துவார். நிமிர்த்தினாலே கீழ்த்தாடை தானாகக் கொஞ்சம் தளரும். வலது நடுவிரலைக் கீழே இருக்கிற அந்தப் பொடிப் பல் வரிசை மேல் வைத்து ஒரு அழுத்து. வாய் திறந்துவிடும். ஆனால் திறந்ததும் பார்க்க மாட்டார். முதலில் மோந்து பார்ப்பார். அழுகல் வாசனையா, புண் வாசனையா, மூத்திர நெடியா என்று சொல்லிவிட்டுத்தான் டார்ச்சைக் கேட்பார். ஈறு விளிம்பு, மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம், அண்ணம், கடைசியாக நாக்குக்கு அடி. இந்த வரிசை ஒரு நாளும் மாறாது. நாக்குக்கு அடியில் பார்க்காதவள் வாயையே பார்க்கவில்லை என்று அர்த்தம் என்பார். நூல் கண்டை விழுங்கின பூனைகளுக்கு நூல் அங்கேதான் சுற்றிக் கிடக்கும்.

பல்லில் காரை ஏறியிருந்தால் மயக்க ஊசி போட்டுச் சுரண்டி எடுப்போம். அதற்கென்று தனிக் கருவி எங்களிடம் ஏது? குரோம்பேட்டையில் மனிதர்களுக்குப் பல் பிடுங்குகிற ஒரு டாக்டர் கழித்துப்போட்ட கொக்கிகள்தான். சுரண்டி முடித்து அனுப்பும்போது பெரிய டாக்டர் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்புவார். பழைய வேட்டித் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்ளணும், கொதித்து ஆறின தண்ணீரில் நனைக்கணும், உதட்டைத் தூக்கி ஈறோடு சேர்த்துப் பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்க்கணும். உள்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும். பொடி, பேஸ்ட், உப்பு, கரி எதுவும் கூடாது. ஏன் கூடாதென்று யாராவது கேட்டால் அவருடைய பதில் ஒன்றே ஒன்று. "நாம வாய் கொப்பளிச்சுத் துப்பிடுவோம். பூனைக்குத் துப்பத் தெரியாது."

இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். வீட்டில் பூனைக்குச் சோறு வைக்கிற கை யாருடையது? அந்த ஆளிடம்தான் சொல்வார். அடுத்த ஆளிடம் சொல்லி அனுப்பினால் பாதி வழியிலேயே வேறு பேச்சாகிவிடும் என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் அவர் என்னைவிடச் சந்தேகப் பிராணி.

நானும் சும்மா இல்லை. சேர்ந்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே பல்லாவரத்திலிருந்து ஒரு தம்பதி பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் புற்றுநோய், பார்க்கச் சகிக்கவில்லை, ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடுங்கள் என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கண்ணில் ஈரம் இல்லை. எனக்கு உடனே சுருக்கென்றது. வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல்லை மூடி நத்தை ஓடு மாதிரிக் காரை. புற்றாவது மண்ணாவது! கொக்கியை வைத்து நெம்பினேன், ஒரே துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. விசாரித்தால் அவர்கள் வீடு மாறப்போகிறார்கள், புது வீட்டுக்காரர் பூனை கூடாதென்று சொல்லிவிட்டார். பெரிய டாக்டர் அந்தக் காரைத் துண்டை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து அவர்கள் கையில் கொடுத்தார். அந்தப் பூனை அப்புறம் எங்கள் கம்பவுண்டர் வீட்டில் பல வருஷம் இருந்தது. அந்த நாளிலிருந்து என் சந்தேகத்துக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இப்போது கோபாலன் சார் கதைக்கு வருகிறேன். நிவேதா கேட்ட கேள்விக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலையூர்ப் பக்கம் புதுப்புது நகர்களாக மனை போட்டு வீடு எழும்பிக்கொண்டிருந்த நேரம். கோபாலன் சார் பேங்கில் இருந்து ஓய்வு பெற்று அங்கே வீடு கட்டிக் குடிவந்தவர். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவரும் அவர் மனைவி வசந்தா அம்மாவும், பட்டு என்கிற மஞ்சள் பூனையும்தான். சுத்த சைவக் குடும்பம். பூனைக்கும் பால்சோறும் தயிர்சோறும்தான். முதல் தடவை அவர் தனியாகப் பூனையைக் கொண்டுவந்தபோது அதன் வாய் நாறியது, ஈறெல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தது. பெரிய டாக்டர் காரையை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லையும் பிடுங்கினார். சோறு வைக்கிறது யார் என்று வழக்கம்போலக் கேட்டார். "நான்தான் சார். ரிட்டயர்டு ஆளு, எனக்கு வேற என்ன வேலை?" என்றார் கோபாலன். துணி, ஆறின தண்ணீர், வேறு எதுவும் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கவனமாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு காலை. கிளினிக் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். கூடைக்குள் பட்டு துணி மாதிரிக் கிடந்தது. எச்சில் நூலாக வழிந்து கழுத்து முடியெல்லாம் நனைந்திருந்தது. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது. வாந்தி எடுத்திருந்தது, சோறு தொட்டு இரண்டு நாளாகிறதாம். பெரிய டாக்டர் பேப்பரைப் பிரிக்கவில்லை, நேராகச் சலைன் ஏற்றச் சொன்னார்.

கோபாலன் சார் ஒரு பாலிதீன் பையை மேஜையில் வைத்தார். உள்ளே மீன் தலை. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கன்னியம்மா என்கிற மீன்காரி காலை பஸ்ஸில் வந்து அவர்கள் தெருவில் கூடை இறக்குவாள். எதிர்வீட்டுத் திண்ணை ஓரம் உட்கார்ந்து மீன் அரிந்து கொடுக்கும்போது செவுளையும் தலையையும் பட்டுவுக்குப் போடுவாள். சைவ வீட்டுப் பூனையைக் கெடுக்கிறாள் என்று இவருக்கு ஏற்கெனவே கடுப்பு. போன மாதம் பூனை அவள் கூடையில் வாய் வைத்துவிட்டதென்று அவள் கத்தியிருக்கிறாள், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உனக்கு வைக்கிறேன் பார் என்று பூனையைத் திட்டியிருக்கிறாள். அதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். போதாதா? பூனைக்கு விஷம் வைத்தவள் நாளைக்கு நமக்கும் வைப்பாள் என்று இவர் சொல்ல, தெருவே கூடி அவளை உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. விஷம்தான் என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனிலும் புகார் கொடுத்து, சுற்றுவட்டாரத்தில் எந்த நகருக்குள்ளும் அவள் கால் வைக்காதபடி செய்துவிடுவேன் என்றார்.

எனக்கு அப்போது அந்த மீன்காரி மேல்தான் சந்தேகம். திட்டியிருக்கிறாள், கையில் மீன் இருக்கிறது, பூனை எச்சில் ஒழுகி விழுகிறது. எலி மருந்து வைத்த மீனில் பூண்டு மாதிரி ஒரு நெடி இருக்கும். பையைத் திறந்து முகர்ந்தேன். மீன் நாற்றம்தான் வந்தது, வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தலையைத்தான் பூனை தின்றது என்பதற்கு என்ன அத்தாட்சி? பெரிய டாக்டரும் எழுதித்தர மறுத்துவிட்டார். பார்க்கலாம், முதலில் பிழைக்கட்டும் என்றார்.

மத்தியானம் கன்னியம்மாவே வந்து நின்றாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். காலிக் கூடையை வாசலிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, அந்தப் பூனை எப்டி கீது?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். குற்றம் செய்தவர்களும் இப்படித்தான் முதல் ஆளாக வந்து விசாரிப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவளுக்கு அது புரிந்துவிட்டது. "நீயும் அப்டியே பாக்குறியே. நான் வாய் கெட்டவதான், இல்லேங்கல. புருசனத் திட்றேன், பஸ்காரனத் திட்றேன், பூனையையும் திட்னேன். அதுக்காவ விசம் வெப்பனா? விசம் கீதுன்னு ஒரு பேச்சு வந்துட்ச்சின்னா அப்பால எவ என் கூடையில கை வெப்பா? எதிர்வூட்டு டீச்சரம்மா எட்டு வருசமா என்கிட்ட வாங்கறாங்க, இன்னிக்கு கதவ சாத்திக்கினாங்க. நாலு வயித்துக்கு இந்த ஒரு கூடைதாம்மா" என்றாள். முந்தானையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்களை நான் அதிகமாகச் சந்தேகப்படுவேன். அவள் போன பிறகு பட்டுவிடம் போனேன். காலையில் இருந்த அவசரத்தில் சலைன் ஏற்றினோமே தவிர, வாயை வரிசைப்படி பார்க்கவில்லை. துண்டைச் சுற்றித் தலையை நிமிர்த்தினேன். பெரிய டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி முதலில் முகர்ந்தேன்.

நல்ல வாசனை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈறு கெட்ட பூனை, இரண்டு நாள் பட்டினி, ஓயாத வாந்தி. அதன் வாய் குமட்ட வேண்டும். இதுவோ தித்திப்பாக, காரமாக, பிரியாணி வீட்டு வாசல் மாதிரி மணக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு விளிம்பு முழுக்க வெளுத்து வெந்தது போலிருந்தது. நாக்கின் ஓரத்திலும் அப்படியே. சாப்பாட்டில் விஷம் இருந்தால் பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் வரிசையாகத் தேடிப் போய் வேக வைக்குமா?

வெளியே கோபாலன் சார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவர் கையைப் பார்த்தேன். வெள்ளையான சுத்தமான கைகள், ஒரு மோதிரம், ஒரு வாட்ச். ஒரு கீறல் கிடையாது. வாய்ப் புண்ணோடு இருக்கிற பூனைக்கு தினமும் பல் தேய்க்கிற ஆளின் கையில் ஒரு நகக்கோடுகூட இல்லையா? என் கையையும் பெரிய டாக்டருடைய கையையும் பார்த்தால் கொடுக்காப்புளி மரத்தில் ஏறி இறங்கின மாதிரி இருக்கும். இந்த மனிதர் பூனையைத் தொடுவதே இல்லை என்று எனக்கு உறைத்தது. உள்ளே போய்ப் பெரிய டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன், வாசனையையும் கையையும். அவர் எழுந்து வந்து பூனையின் வாயைத் தானும் ஒரு முறை முகர்ந்தார். அப்புறம் வெளியே போய், வீட்டம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

கோபாலன் சார் என்னென்னவோ சாக்குச் சொன்னார். அவளுக்கு பிரஷர், அவள் எங்கும் வருவதில்லை, அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவங்க வராமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்று அதே தணிந்த குரலில் சொன்னார் பெரிய டாக்டர். சாயங்காலம் கோபாலன் சார் ஆட்டோவில் வசந்தா அம்மாவை அழைத்து வந்தார். ஒடிசலான அம்மாள், நெற்றி நிறைய விபூதி. புடவைத் தலைப்பை இழுத்து மூடியிருந்தாலும் முன்னங்கை முழுக்கக் கீறல் தெரிந்தது. சில கீறல்களில் மஞ்சள் பூசியிருந்தது.

பெரிய டாக்டர் விஷம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மேஜையில் இருந்த துண்டைச் சுருட்டி, இதுதான் பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், தினமும் எப்படிப் பல் தேய்த்துவிடுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். அதுவரைக்கும் இதைப் பற்றி அவரிடம் யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது. துண்டை மடியில் வைத்துக்கொண்டார், குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி. பேசிக்கொண்டே செய்தார். மெல்லிசு வேட்டித் துணியைத்தான் எடுப்பேன், இப்படி விரலில் சுற்றிக்கொள்வேன், கொதித்து ஆறின தண்ணீரில் நனைப்பேன் என்றார். எல்லாம் நாங்கள் சொன்ன முறைதான். அவர் கொஞ்சம் நிறுத்தி, இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க அந்த வாசனை.

கிராம்புத் தைலம்.

"வெறும் தண்ணியில என்ன இருக்கு டாக்டர்? எனக்குப் பல்வலி வந்தா இதுதான், என் பிள்ளைங்களுக்கும் இதுதான் வெச்சேன். பல்லுக்கு இதைவிட நல்லது உண்டா? முதல்ல ஒரு சொட்டுதான் வெச்சேன். அப்புறம் ரொம்ப எச்சில் விட ஆரம்பிச்சது, புண்ணு ஜாஸ்தியாயிடுச்சோன்னு காலையிலயும் சாயங்காலமும் வெச்சேன். முந்தாநேத்திலிருந்து இன்னும் கொஞ்சம் கூட" என்றார்.

தாம்பரத்தில் எந்த வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாலும் கிராம்பு இருக்கும். பல்வலி என்றால் நாட்டு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவது அந்தத் தைலம்தான். நமக்கு அது மருந்து. பூனையின் ஈரலுக்கு அதை உடைத்துத் தள்ளத் தெரியாது. பினாயிலால் துடைத்த தரையை நக்கின பூனைகள் எங்களிடம் வந்ததுண்டு, இதுவும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். அந்தக் கோபாலன் வீட்டில் போய் என்ன சொல்லியிருக்கிறார்? டாக்டர் தினம் பல் தேய்க்கச் சொன்னார், துணியில் தண்ணீர் நனைத்துத் தேய்க்கணுமாம். வேறு எதுவும் கூடாது என்ற பாதியை முழுங்கிவிட்டார். அது பெண்டாட்டி வேலை, தனக்கென்ன என்று இருந்துவிட்டார்.

பெரிய டாக்டர் குப்பியை வாங்கி மூடி, திருப்பிக் கொடுக்காமல் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கோபாலன் சாருக்கு விளங்கிவிட்டது. வசந்தா, நீ போய் ஆட்டோவில் உட்கார் என்று அவசரமாகச் சொல்லி அனுப்பினார். அம்மாள் போகிற வழியில் பட்டுவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு அப்போதே மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. அவர் வாசல் தாண்டிய கொஞ்ச நேரத்தில், என் கைக்குக் கீழேயே அது அடங்கிவிட்டது.

கோபாலன் சார் பூனையைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா தாங்க மாட்டா. ஸ்டேஷனுக்கெல்லாம் நான் போகலை, விட்டுடறேன். மீன்ல ஏதோ இருந்துச்சுன்னே இருக்கட்டும். அந்த மீன்காரிக்கு வேற தெருவா இல்ல?" என்றார்.

நல்லா இருக்கிறது கதை என்று ஆரம்பித்துவிட்டேன், பெரிய டாக்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். நான் சொல்லாமல் விட்டால் அந்த அம்மா இன்னொரு பூனை வளர்ப்பாங்க, அதற்கும் இதே தைலத்தைத்தான் வைப்பாங்க என்று மட்டும் சொன்னார். கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன், சொல்வாரா மழுப்புவாரா என்று எனக்கு அவர் மேலும் ஒரு சந்தேகம்.

ஆட்டோவுக்குள் குனிந்து, பட்டு போய்விட்டது அம்மா, மீனில் ஒன்றும் இல்லை, இந்தத் தைலம் பூனைக்கு ஆகாது, உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை என்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வசந்தா அம்மா அழவில்லை. தன் கைக் கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெக்கும்போதெல்லாம் எரிஞ்சிருக்குமா டாக்டர்?"

"எரிஞ்சிருக்கும்மா."

ஆட்டோ கிளம்பும்போது அந்த அம்மாள் புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த மீன்காரம்மா எந்த பஸ்ஸில் வருவாங்க? அவர் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டுக்குப் போனதும் அவர் பேசிப் பேசி மனைவியின் வாயை அடைத்துவிடுவார், தெருவுக்குள் விஷயம் அப்படியே அமுங்கிப்போகும் என்றே நினைத்தேன். நல்ல வீட்டு ஆட்கள் வெட்கத்துக்குப் பயந்து எதை வேண்டுமானாலும் மூடுவார்கள். மறுநாள் காலை கிளினிக்குக்குப் போகாமல் நேராக சேலையூருக்கு பஸ் ஏறினேன். அவர்கள் மூடினால் நானே எதிர்வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வதென்று இருந்தேன்.

தெரு முனையில் பஸ் நிறுத்தத்தின் ஓரம் கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடவில்லை என்பதால் அங்கேயே விற்கப் பார்த்தாள். யாரும் நின்று கேட்கவில்லை. கூடை நிறைய மீன், மேலே மூடியிருந்த ஈரச் சாக்கில் ஈ மொய்த்தது. அவள் எதிரில் வசந்தா அம்மா நின்றுகொண்டிருந்தார். குளித்து, விபூதி இட்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். எத்தனை நேரமாக நிற்கிறாரோ தெரியாது. நான் கிட்டே போகும்போது அவர் சொல்லி முடித்திருந்தார். கன்னியம்மாவின் முகம் இறுகிப்போயிருந்தது.

"நீ வெச்ச மருந்துதான்னு என்கிட்ட வந்து சொல்றியே. இத்த எனக்கு எதுக்கு சொல்ற? நான் வெக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெருவுக்குச் சொல்லு" என்றாள் கன்னியம்மா.

வசந்தா அம்மா தலையாட்டினார். குனிந்து கூடையின் ஒரு விளிம்பைப் பிடித்தார். கன்னியம்மா பதறிப்போய், மீன் தண்ணி ஒழுகுது, புடவை பாழாப்போவும், கையை எடும்மா என்றாள். அவர் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் சும்மாட்டை வைத்துக் குனிய, இரண்டு பேருமாகக் கூடையைத் தூக்கி அவள் தலையில் ஏற்றினார்கள். மீன் தண்ணீர் வசந்தா அம்மாவின் முழங்கை வரைக்கும் வழிந்தது, அந்தக் கீறல்களின் மேல் உப்புத் தண்ணீர் எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். துடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு முன்னால் தெருவுக்குள் நடந்தார்.

முதல் வீட்டிலேயே கதவைத் தட்டினார். மீனில் ஒன்றும் இல்லை, பட்டுவுக்கு மருந்து வைத்தது நான், என் கையால் நான் வைத்தது என்றார். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை மாறவில்லை. தன் வீட்டைத் தாண்டும்போது கோபாலன் சார் கேட்டுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தார், நிற்காமல் போனார். எதிர்வீட்டு டீச்சரம்மா கதவைப் பாதி திறந்தார். வசந்தா அம்மா சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்திவிடுவார் என்று நான் நினைத்தேன். ஒரு பாத்திரத்தோடு திரும்பி வந்து, என்ன மீன் என்று வசந்தா அம்மாவையே கேட்டார்.

பிறந்ததிலிருந்து ஒரு மீனின் பெயரும் அறியாத அந்த அம்மாள் திரும்பிக் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"சங்கரான்னு சொல்லும்மா" என்றாள் கன்னியம்மா.